கூத்துக்கு டிக்கெட் கிடையாது

கேள்வி: ஆகஸ்டில் கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. பிள்ளைகளுக்கு நாட்டுக்கூத்துக் காட்ட ஆசை. திருகோணமலை உப்புவெளியில் ஒருவர் "அசல் கூத்து, இரவுச் சாப்பாட்டோடு" என்று தலைக்கு ஐயாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? (உவர்மலை வாசகி)

வேண்டாம். கூத்து ஊர் கூடிப் போடுவது. கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆள் பார்த்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கி, சதங்கை கட்டி, அப்புறம்தான் அரங்கேற்றம். ஒரு வருடம் போடுவார்கள், அடுத்த வருடம் சும்மா இருப்பார்கள். உங்கள் அக்காவின் விமான டிக்கெட்டுக்குத் தோதாக அதற்கு ஒருவர் எப்படித் திகதி விற்க முடியும்?

அந்த ஆள் காட்டப்போவது இருபது நிமிடம், ஒரு கிரீடம், பென்ட்ரைவில் பாட்டு. கூத்தில் ஆடுகிறவரே பாடுவார், பின்னுக்கு நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள், மத்தளம் ஆடும் களரியிலேயே முழங்கும். ராசாவின் வாய் மூடியிருக்கப் பாட்டுக் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிகளின் வித்தியாசமெல்லாம் இப்போதைக்கு உங்களுக்குத் தேவையில்லை.

தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் சேனையூர், கட்டைபறிச்சான், சம்பூர், இங்கெல்லாம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இன்றைக்கே போன் எடுத்து "இந்த முறை கூத்துப் பழகுகிறார்களா?" என்று கேளுங்கள். ஆகஸ்ட் மழையில்லாத காலம், வாய்ப்பு உண்டு. சம்பூர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து, 2015க்குப் பிறகுதான் படிப்படியாகத் திரும்பியது, அங்கே வருடா வருடம் எதிர்பார்க்க வேண்டாம். அரங்கேற்றம் இல்லாவிட்டாலும் பழக்கம் நடந்தால் போய்ப் பாருங்கள், அதற்கும் யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

அலுவலகங்களில் திகதி கேட்கலாமே என்பீர்கள். நான் ஒரு அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். கடைசியில் கையில் தந்தது கலைஞர் பதிவுப் படிவம், அதுவும் மூன்று பிரதி!

ஒரு விதிவிலக்கு. வீட்டில் முழங்கால் வருத்தக்காரர் இருந்தால் விடிய விடிய பாயில் இருக்க முடியாது. அப்படியென்றால் ஊர் அண்ணாவியாரிடமே நேரில் போய், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பகுதி ஆடிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். சுருக்குவது குற்றமில்லை, பேராசிரியர் சு. வித்தியானந்தனே 1960களில் கூத்தைச் சுருக்கித்தான் பேராதனையில் மேடையேற்றினார். ஆனால் பேச்சு அண்ணாவியாரோடு, காசு அண்ணாவியார் கையில். நடுவில் "நான் ஒழுங்கு செய்கிறேன்" என்று ஒருவர் வந்தால், அவர் உங்கள் மச்சானாகவே இருந்தாலும், மத்தளக்காரருக்கு எவ்வளவு போகிறது என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். பதில் இழுபட்டால் விடுங்கள். பதில் சரியாக வந்தாலும் மத்தளக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மூதூர்ப் பக்கம் என்றால் வாகனத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். கிண்ணியாவில் பாதைக்கு (வாகனம் ஏற்றும் படகுக்கு) காத்திருந்த காலம் 2009இல் பாலத்தோடு போய்விட்டது, ஆனாலும் சாமத்தில் ஓட்டோ தேடி அலைய முடியாது. பாயும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்துப் போங்கள். பிள்ளைகள் நித்திரையானால் ஆகட்டும், போர்க் கட்டம் வந்ததும் மத்தளம் எழுப்பிவிடும்.