ஃப்ளெக்ஸில் ஏற்றிய கலர்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. எந்நேரமும் செல்போனில் இளவரசி கார்ட்டூன்தான். "எல்சா மாதிரி நான் ஏம்மா வெள்ளையா இல்ல?" என்று அழுகிறாள். பவுடரை அள்ளிப் பூசுகிறாள். போன மாதம் தம்பி காதுகுத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸில்கூட, ஸ்டுடியோவில் சொல்லி அவளுக்குக் கொஞ்சம் கலர் ஏற்றித்தான் போட்டோம். அப்படியும் மனசு ஆறவில்லை. இந்தப் படங்களை அடியோடு நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: படம் இருக்கட்டும். அந்த ஃப்ளெக்ஸுக்கு வாருங்கள். தெருமுனையில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க நின்றிருக்கும். தம்பி முகம் இருந்தபடி இருக்கிறது, இவள் முகம் மட்டும் மாறியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். தன் பெயருக்கு மேலே யாரோ ஒருத்தி சிரிப்பது அவளுக்குத் தெரியாதா? உன் முகம் ஊர் பார்க்க லாயக்கில்லை என்று பெற்றவளே பேனர் கட்டிச் சொன்ன பிறகு மனசு எப்படியம்மா ஆறும்?

படங்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1937-இல் வந்த ஸ்னோ ஒயிட்டில், தன்னைவிட அழகி இருக்கிறாள் என்று கண்ணாடி சொன்னதற்காக ஒருத்தி கொலைக்கே துணிகிறாள். 1989-இல் வந்த கடல்கன்னி, கால் வேண்டுமென்று குரலையே கொடுத்துவிடுகிறாள். அழகான முகம் இருக்கிறதே, பேச்சு எதற்கு என்று அவளுக்குப் பாடம் எடுக்கிற சூனியக்காரி குண்டு. டிஸ்னி ஒரு கறுப்பின இளவரசியைக் கொண்டுவர 2009 ஆயிற்று. எல்லாம் சரி. ஆனால் எல்சா திரைக்கு வந்தது 2013-இல். ஃபேர் அண்ட் லவ்லி நம் வீடுகளுக்கு வந்தது 1975-இல். 2020-இல் பெயரில் இருந்த 'ஃபேர்' போயிற்று, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த ட்யூப் போகவில்லை.

படத்தை நிறுத்தினால் செல்போன் சண்டைதான் மிஞ்சும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "கெட்டவங்க மட்டும் ஏண்டி குண்டா, அசிங்கமா இருக்காங்க?" என்று கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பதில் சொல்லும். ஸ்டுடியோவில் அதே போட்டோவைக் கை வைக்காமல் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டுங்கள். ஏன் மாட்டுகிறீர்கள் என்று அவளிடம் சொல்லியே மாட்டுங்கள்.

உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்குமே, கூட்டிப் போங்கள். பாஞ்சாலி கருப்பி, கிருஷ்ணை என்றே அவளுக்கு ஒரு பெயர். சபை நடுவே நின்று, பெரியவர்கள் வாயடைத்துப்போகக் கேள்வி கேட்டவள். ராத்திரிக் கூத்தில் பிள்ளை தூங்கிப்போனாலும் போகட்டும், பாரதத்தின் கடைசிச் சண்டையை நடித்துக் காட்டும் படுகளத்தைப் பகலிலேயே பார்க்கலாம்.

கடிதம் முழுக்கத் தேடினேன், அவள் அப்பாவைக் காணோம். ஏன், இது அவர் நிறமா? அப்படியானால் அதை அவர் வாயால் அவள் கேட்கட்டும். "நீ என் ஜாடை" என்று அப்பன் பெருமையாகச் சொல்வது எந்த இளவரசிக்கும் கிடைக்காத சீர். மகளை வளர்ப்பது அம்மா பாடு என்று ஒதுங்கும் ஆண்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அப்புறம், விசேஷத்துக்கு வரும் சொந்தக்காரர்கள். "தம்பி சிவப்பு, அக்கா கருப்பா?" என்று ஒருவராவது கேட்டிருப்பார். நீங்கள் சிரித்து மழுப்பியிருப்பீர்கள். பெரியவர்களுக்கு மரியாதை தரவேண்டும் என்பதில் நான் பழைய ஆள்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும், கேட்பது மாமியாராகவே இருந்தாலும், அங்கேயே, மகள் காதில் விழும்படி பதில் சொல்லிவிடுங்கள்.