அஞ்சலட்டையில் ஆளில்லாத தெரு

அன்புள்ள ஐயா,

பழைய பட அஞ்சலட்டைகள் சேர்க்கிறேன். அண்மையில் பாரிஸ் தெரு ஒன்றின் அட்டை கிடைத்தது. தபால் முத்திரை 1912. அகலமான சாலை, மரங்கள், ஒரு குதிரை பஸ், நாலைந்து பேர். அன்றைக்கு அந்த நகரம் இவ்வளவு அமைதியாகவா இருந்தது? மாடி ஜன்னல் ஒன்றின் மேல் யாரோ மையால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட அட்டைகளை வரிசையாக வைத்து ஒரு நகரத்துத் தெருக்களின் வரலாற்றை எழுதிவிட முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

எழுதலாம். ஆனால் அட்டை காட்டுவதை அப்படியே நம்பி எழுதக் கூடாது.

முதலில் அந்த 1912. அது அட்டை தபாலில் போன ஆண்டு. படம் அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே எடுத்ததாக இருக்கலாம்; ஒரே நெகட்டிவை அச்சிட்டு அச்சிட்டு விற்றார்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி முகவரிக்கு, மறுபாதி சேதிக்கு என்று பிரிக்க பிரிட்டன் 1902-லும் பிரான்ஸ் 1903 இறுதியிலும் அமெரிக்கா 1907-லும் அனுமதித்தன. அதுவரை பின்பக்கம் முழுக்க முகவரிக்குத்தான். சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினார்கள். ஆனால் கோடு சொல்வது அட்டை அச்சான காலத்தை மட்டும். படத்தின் காலத்தைப் படத்துக்குள்ளேதான் தேட வேண்டும். மெட்ரோ நுழைவாயில் தெரிந்தால் 1900-க்கு முந்தையதாக இருக்க முடியாது. பாரிஸில் மோட்டார் பஸ் 1906-ல் வந்தது, குதிரை பஸ் 1913 ஜனவரியில் நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டும் ஓடின. ஆகவே குதிரை பஸ்ஸை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த அமைதி. கூட்டம் சேரும் முன் காலையிலேயே படமெடுப்பது உண்டு. அச்சுக்கூடத்தில் கம்பிகளை அழித்தார்கள், ஆட்களை நீக்கினார்கள், சேர்த்தார்கள். பகலில் எடுத்த படத்தில் நிலாவை வரைந்து இரவுக் காட்சியாகவும் விற்றார்கள். வண்ண அட்டை என்றால் இன்னும் கவனம் தேவை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு, அந்த ஊரையே பார்க்காத ஒருவர் நிறம் கொடுத்திருக்கலாம். எனவே ஆளில்லாத சாலையைப் பார்த்து அந்தக் காலம் நிம்மதியானது என்று முடிவு கட்டாதீர்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது எந்தத் தெரு அட்டையில் ஏறியது என்பது. ரயில் நிலையம், பாலம், பெரிய கடைவீதி எல்லாம் நூறு கோணங்களில் கிடைக்கும். தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகளுக்கு வாங்குவோர் குறைவு. பேரிடர் வந்தால்தான் கேமரா அந்தப் பக்கம் திரும்பும். 1910 ஜனவரியில் பாரிஸின் ஸேன் ஆற்று வெள்ளம் அளவுகோலில் 8.62 மீட்டரைத் தொட்டபோது, சாதாரணத் தெருக்களில் படகு போவதும், வீட்டு வாசலுக்குப் பலகை போட்டு ஆட்கள் நடப்பதும் அஞ்சலட்டைகளாகக் குவிந்தன. கடைப் பலகைகள், சுவரொட்டிகள், மக்களின் உடை எல்லாம் அவற்றில் தெரிகின்றன. தெரு வரலாறு எழுத நான் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

உங்கள் அட்டையின் பெருக்கல் குறியை விட்டுவிடாதீர்கள். 'என் அறை இதுதான்' என்று ஊருக்குக் காட்ட அப்படிக் குறி போடுவது அன்று பரவலான வழக்கம். படமெடுத்தவருக்கு அது வெறும் கட்டடம், அனுப்பியவருக்கு வீடு. பின்பக்கச் சேதியில் வாடகை, வேலை, பக்கத்துக் கடை என ஏதாவது இருக்கிறதா? அதையும், படத்தின் அடியில் வரிசை எண்ணோ 'எல்.எல்.', 'என்.டி.' போன்ற பதிப்பாளர் எழுத்துகளோ இருந்தால் அவற்றையும் எழுதி அனுப்புங்கள். அதே எண்ணில் வேறு அச்சுகள் கிடைத்தால், எதை அழித்தார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.