மாரிக்கு ரீபில்ட் டயர் போடலாமா? பின்னுக்குப் போடுங்கள், முன்னுக்கு வேண்டாம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம். ஒரு பழைய டொல்பின் வான் நிற்கிறது. பிள்ளைகளை ஏற்றி இறக்க, இடைக்கிடை கொழும்புக்குப் போக. நான்கு டயரும் தேய்ந்துவிட்டன, மாரிக்கு முன்னம் மாற்ற வேண்டும். நான்கும் புதிதாக வாங்கக் காசு காணாது. ரீபில்ட் போடலாமா? கனடாவில் இருக்கிற அண்ணன், "இங்க வின்டர் டயரே ரீட்ரெட் பண்ணினது வாங்கி ஓடுறாங்கள், பயப்பிடாமப் போடு" என்கிறார்.

போடலாம், ஆனால் நான்கு சில்லுக்கும் வேண்டாம். ரீபில்ட் என்றாலும் அண்ணன் சொல்கிற ரீட்ரெட் என்றாலும் ஒன்றுதான், தேய்ந்த பழைய டயருக்கு மேலே புது இறப்பர்ப் பட்டி போட்டது. முன்னுக்கு இரண்டும் புது டயர், பின்னுக்கு இரண்டும் ரீபில்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நானும் வான் ஓட்டுகிறவன்தான். எங்கள் வானும் பின் சில்லுகளில் ரீபில்டோடு மாரி கண்டிருக்கிறது. "ரீபில்டா, ஐயோ" என்று அலறுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, "எல்லாம் ஒண்டுதான்" என்று தள்ளிவிடப் பார்க்கிற கடைக்காரரோடும் இல்லை.

அண்ணன் சொல்வது பொய்யில்லை. குளிர் நாடுகளில் வின்டர் டயரையும் ரீட்ரெட் செய்து விற்கிறார்கள். ஆனால் அங்கே டயருக்கு இருக்கிற வேலை வேறு. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் இறப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும். வின்டர் டயரின் கலவை அந்தக் குளிரிலும் இளகி நிற்கும், மேற்பரப்பில் பனியைக் கவ்வ மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் இல்லாமல் கார் ஓடக்கூடாது என்று சட்டமே உண்டு. அங்கே காசு மிச்சம் பிடிக்க ரீட்ரெட் வாங்குகிறவர் பக்கச்சுவரில் மலையும் பனித்துகளும் சேர்ந்த அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவார். எங்களுக்கு அந்த அடையாளத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. மார்கழிக் குளிர் என்று போர்வைக்குள் சுருளுகிறோமே, அதுவே 20 பாகைக்கு மேலே.

பிரயோசனம் இல்லை என்பதோடு முடியவில்லை, தீமையும் உண்டு. ஜப்பானில் இருந்து இறங்கிய சில வாகனங்களில் பக்கச்சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதிய டயர்கள் வரும். அவை பனிக்கான டயர்கள். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும், தவாளிப்பும் (மேல் இறப்பரில் ஓடுகிற பள்ளக் கோடுகள்) ஆழமாக இருக்கும், மலிவாகவும் தருவார்கள். ஆனால் சூடான தார் றோட்டில் கெதியாகத் தேயும், மழை ஈரத்தில் பிறேக் பிடித்தால் நிற்கிற தூரமும் கூடும். அண்ணனே பழைய வின்டர் டயர் நாலைப் பெட்டிக்குள் போட்டு அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, ரீபில்டுக்கு வருவோம். டாக் டயர் என்று சிலர் சொல்வதும் இதைத்தான். பழைய செருப்புக்குப் புது அடி போடுவது மாதிரியான வேலை. தேய்ந்த மேல் இறப்பரை மெஷினில் உராய்ந்து எடுப்பார்கள். ஆணி ஏறின இடங்களைக் கிண்டிச் சுத்தமாக்கி நிரப்புவார்கள். ஒட்டு இறப்பர் சுற்றி, அதற்கு மேல் புதுப் பட்டியைப் போட்டு வேகவைப்பார்கள். வேகவைப்பதில் இரண்டு முறை உண்டு. ஒன்றில் பச்சை இறப்பரைச் சுற்றி அச்சுக்குள் வைத்து 150 பாகை அளவில் சூடாக்குவார்கள், தவாளிப்பு அச்சிலேயே விழும். மற்றதில் தவாளிப்போடு ஏற்கெனவே வெந்து வருகிற பட்டியை ஒட்டி, உறை போட்டு, பெரிய சேம்பருக்குள் அழுத்தத்தில் வைப்பார்கள். அங்கே சூடு 100 பாகைக்குச் சற்று மேலேதான். சூடு குறைவு என்பதால் பழைய உடம்பு வாடுவதும் குறைவு. லொறி, பஸ் டயர்களுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைதான். கடையில் எந்த முறை என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் டயரைக் கொடுக்க நான் யோசிப்பேன்.

எந்த முறையானாலும் புதிதாவது மேல் பட்டி மட்டும். பக்கச்சுவர், உள்ளே ஓடுகிற கம்பி வலை, விளிம்பு வயர் எல்லாம் பழையதுதான். சில இடங்களில் பக்கச்சுவருக்கும் மெல்லியதாக இறப்பர் ஏற்றிக் கறுகறு என்று ஆக்கிவிடுவார்கள். அப்படி இருந்தால் அடியில் உள்ள வெடிப்பு கண்ணில் படாது. விமான டயர்கள் கூடப் பல தடவை ரீட்ரெட் செய்யப்படுகின்றன. ஆனால் அங்கே ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய உடம்பைக் கடுமையாகச் சோதித்துத்தான் மேலே பட்டி போடுவார்கள்.

எனக்குப் பழக்கமான டயர் கடையில் ஒரு ஐயா இருக்கிறார். அவர் டயர் பார்க்கிற விதமே தனி. டயரை நிமிர்த்தி வைத்து, வாயை இரண்டு முழங்கையாலும் விரித்து, கை லைற்றை உள்ளே விட்டு, உள்ளங்கையை உள்சுவரோடு சுற்றி ஓட்டுவார். வீக்கமோ நார் பிரிந்த இடமோ கையில் தட்டுப்பட்டால் சோக்கால் ஒரு பெருக்கல் அடையாளம். உள்ளே பக்கச்சுவரைச் சுற்றி ஒரு மடிப்புக் கோடும் கறுப்புத் தூளும் இருந்தால் காற்றில்லாமல் ஓடின டயர் என்று அர்த்தம், அதற்கு மேல் பார்க்கவே மாட்டார். பிறகு வெளிப்பக்கம். பெருவிரலால் அமுக்கி வளைக்கிறபோது மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தால், "தம்பி, இது ஊஞ்சலுக்குத்தான்" என்று ஓரமாக உருட்டிவிடுவார். இப்படிப் பார்த்து 'முடியாது' என்று சொல்கிற ஆளைத் தேடிப் பிடியுங்கள். கொண்டுபோன டயர் எல்லாவற்றையும் வாங்கி அடுக்குகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கடையில் செய்து வைத்திருப்பதை வாங்குவதை விட உங்கள் டயரையே கொடுத்துச் செய்விப்பது மேல். அது எப்படி ஓடினது, எங்கே குழிக்குள் விழுந்தது, எத்தனை பஞ்சர் என்று உங்களுக்குத் தெரியும். வேறு ஆளின் டயருக்கு அந்தக் கதை யாருக்கும் தெரியாது. உங்கள் நான்கில் நல்ல இரண்டைத் தெரிவு செய்யுங்கள். கம்பி தலை காட்டிவிட்டால் அந்த டயர் முடிந்தது, ரீபில்டுக்கு ஆகாது. ஆகவே முழு மொட்டையாகும் வரை ஓடிவிட்டுக் கொண்டுபோவதில் லாபமில்லை. தீக்குச்சியைத் தவாளிப்புக்குள் விட்டு நகத்தால் அடையாளம் பிடித்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். கார், வான் டயர்களில் தவாளிப்புக்குள் சின்னக் குறுக்குக் கட்டைகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். இறப்பர் அந்தக் கட்டையின் மட்டத்துக்கு வர முன்னமே கழற்றிக் கொடுங்கள்.

கொடுக்கும்போது இன்னொன்று. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் செய்தது. அந்த இலக்கத்தோடு ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், திரும்பி வருவது உங்கள் டயர்தானா என்று அதை வைத்துத்தான் சொல்லலாம். செய்து பத்து வருசம் தாண்டின டயரை எந்த நிலையில் இருந்தாலும் ரீபில்டுக்குக் கொடுக்க வேண்டாம். இது ஏன் எங்கள் ஊருக்கு விசேஷமாகப் பொருந்தும் என்றால், இங்கே வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வாகனங்கள் நிறைய நிற்கின்றன. திருவிழாவுக்கு வந்து இரண்டு கிழமை ஓடிவிட்டுப் போவார்கள். மிச்ச நாளெல்லாம் ஒரே இடத்தில், பாதி நாள் வெயிலில். அந்த டயரில் தவாளிப்பு அப்படியே இருக்கும், உடம்பு காய்ந்து போயிருக்கும். "ஓட்டமே இல்லாத டயர்" என்று யாராவது தந்தால் முதலில் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள்.

இனி மழை. வல்லை வெளியிலோ பண்ணைப் பக்கமோ ஐப்பசி, கார்த்திகையில் ஓடினவர்களுக்குத் தெரியும், றோட்டின் ஓரத்தில் தண்ணீர் தகடாக நிற்கும். தவாளிப்பு அந்தத் தண்ணீரை வாரி வெளியே தள்ள வேண்டும். ஆழம் போதாவிட்டால் டயர் தண்ணீருக்கு மேல் மிதக்கும், ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும். இந்த விஷயத்தில் முழு ஆழத்தோடு இருக்கிற நல்ல ரீபில்ட், பாதி தேய்ந்த பிரபல பிராண்ட் டயரை விடச் சிறந்தது. ஆகவே முன்னுக்குப் புதிது போட்டுவிட்டுப் பின்னுக்கு மொட்டையோடு மாரிக்குள் இறங்க வேண்டாம். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வான் சுற்றிவிடும், அதை ஸ்டியரிங்கால் பிடிப்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

அப்படியென்றால் முன்னுக்கு ஏன் ரீபில்ட் வேண்டாம்? பட்டி கழன்றால் பின்னுக்கு என்றால் சத்தமும் ஆட்டமும், மட்கார்ட்டும் கிழியும், பெரும்பாலும் ஓரம் கட்டிவிடலாம். முன்னுக்கு என்றால் ஸ்டியரிங்கே ஒரு பக்கம் இழுக்கும். அமெரிக்காவில் பஸ்ஸின் முன் சில்லுகளில் ரீட்ரெட் போடக்கூடாது என்று விதியே இருக்கிறது, பின்னுக்குத் தடையில்லை.

பட்டி கழல்வதற்கு வேலை பிழைத்தது ஒரு காரணம். அதை விட அடிக்கடி நடப்பது காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும், டயர் சூடேறும், ஒட்டு இளகும். ஆட்களையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் ஏ9 வீதியில் போகிற வானுக்கு இதை விடக் கெட்டது வேறில்லை. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பாருங்கள், கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கள். வழியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட இறங்கும்போது பின் டயர் இரண்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதை விடக் கூடச் சுட்டால் அந்த டயரில் ஏதோ இருக்கிறது. மணிக்கு 70க்கு மேலே போகச் சட்டமும் விடாது, ரீபில்டோடு ஆசையும் படவேண்டாம்.

தீவுப்பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் வெட்டுக் காயங்களைக் கவனியுங்கள். பட்டியில் ஆழமான வெட்டு விழுந்து உப்புத் தண்ணீர் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு பரவின இடத்தில் ஒட்டு நிற்காது.

மொட்டை டயரில் சூடான கத்தியால் புதிதாகத் தவாளிப்புக் கீறி, கறுப்புப் பூசி, ரீபில்ட் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. உண்மையான ரீபில்டில் பழைய இறப்பரும் புதுப் பட்டியும் சேருகிற கோடு பெரும்பாலும் டயரின் தோள்பட்டையை, அதாவது மேற்பரப்பும் பக்கச்சுவரும் சந்திக்கிற ஓரத்தை, சுற்றித் தெரியும். கீறின டயரில் அப்படி ஒரு கோடு இருக்காது, தவாளிப்பின் அடியில் கம்பிக்கு மேலே இறப்பர் சவ்வு மாதிரித்தான் மிச்சம் இருக்கும். அதை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

இதே கேள்வியை ஓல்டோ, வாகன்ஆர் மாதிரிச் சின்னக் கார் வைத்திருக்கிற ஒருவர் கேட்டிருந்தால் ரீபில்ட் பக்கமே போகாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். சின்ன டயரில் மிச்சம் பிடிக்கிற காசு கொஞ்சம். பிரபலமில்லாத பிராண்டில் புதிதாக இரண்டு வாங்கிப் பின்னுக்குப் போட்டு, இருப்பதில் நல்ல இரண்டை முன்னுக்கு மாற்றினால் இந்த மாரி போய்விடும். உங்கள் வானுக்கு வருவது பாரம் தாங்குகிற தடித்த டயர். அதன் உடம்பு இன்னொரு வாழ்க்கைக்குத் தாங்கும், ரீபில்ட் செலவும் புது டயரின் பாதி விலைக்குள் அடங்கும்.

ஆவணி, புரட்டாதிக்குள் கொடுத்துவிடுங்கள். முதல் மழை விழுந்த பிறகு எல்லா வாகனமும் டயர் கடை வாசலில்தான் நிற்கும், அவசரத்தில் செய்கிற வேலையை நான் நம்புவதில்லை. சிலர் டயரை வேறு ஊருக்கு அனுப்பித்தான் செய்விப்பார்கள், எத்தனை நாள் என்று முன்னமே கேளுங்கள். திரும்பி வந்ததும் பலன்ஸ் பார்த்துப் பூட்டச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் ஊருக்குள் மட்டும் ஓடிவிட்டு, பட்டியின் ஓரத்தை விரல் நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது உள்ளே நுழைந்தால் அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். மிஞ்சின பழைய இரண்டில் ஓரளவு நல்லதை ஸ்பெயார் வீலுக்குப் போடலாம், கொழும்புப் பயணத்துக்கு முன் அதற்கும் காற்றுப் பார்க்க வேண்டும்.