வாக்குத்தத்த அட்டையும் 70 வருஷமும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். வயது 43. போன டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை (வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை) எடுத்தபோது எனக்கு எரேமியா 29:11 வந்தது. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். மார்ச்சில் வேலை போய்விட்டது. ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்கடனில் இரண்டு தவணை நிற்கிறது. சபையில் ஒரு பெரியவர், “விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருக்கு, தேடிப் பாருங்க” என்றார். இன்னொருவர் மூன்று நாள் உபவாசம் இருந்தால் இந்த மாதமே கதவு திறக்கும் என்றார். இருந்தேன். திறக்கவில்லை. இப்போது குடும்ப ஜெபத்தில் வாய் மட்டும்தான் அசைகிறது. போன வாரம் அந்த அட்டையைப் பிய்த்து டிராயரில் போட்டுவிட்டேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நான் அவிசுவாசி ஆகிவிட்டேனா? அட்டையைத் திரும்ப ஒட்டலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவிசுவாசி இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டான். அட்டையை டிராயரில்தானே போட்டிருக்கிறீர்கள், குப்பையில் இல்லையே. சரி, அந்த அட்டையைப் பற்றியே பேசுவோம்.

அதில் அச்சிட்டிருப்பது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற ஒரு வரி. எருசலேமில் இருந்த எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். வீடு, நிலம், ஆலயம் எல்லாவற்றையும் விட்டுப் போனவர்கள் அவர்கள். எப்போது திரும்புவோம் என்பது ஒன்றுதான் அவர்களுடைய கேள்வி. இதற்கு முந்தின அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அனனியா என்று ஒருவன் ஆலயத்தில், ஜனங்கள் எல்லோருக்கும் முன்பாக, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். அன்றைக்கு யாரைக் கேட்டாலும் விசுவாசம் நிறைந்தவன் அனனியாதான் என்றிருப்பார்கள். எரேமியா அவனுக்கு முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? ஆமென். கர்த்தர் அப்படியே செய்வாராக. அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. ஆனால் கடிதத்தில் அவர் எழுதியது 70 வருஷம். உங்கள் வசனத்துக்கு நேர் மேலே, பத்தாம் வசனத்தில் இருக்கிறது. அட்டை அச்சடிப்பவர்கள் அதை மட்டும் சேர்ப்பதே இல்லை. (அதைப் போட்டால் புதுவருஷ இராத்திரியில் யார் எடுப்பார்கள்!)

70 வருஷம் என்றால், கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் பெரியவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறது? ‘வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.’ பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காகவும் ஜெபம்பண்ணுங்கள். இதையெல்லாம் சொன்ன பிறகுதான் பதினொன்றாம் வசனம் வருகிறது. இந்த மாதமே கதவு திறக்கும் என்றவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தேதி குறித்துக் கொடுப்பது அனனியாவின் வேலை. உங்கள் உபவாசம் வீண் என்று நான் சொல்லவில்லை, அந்தத் தேதிதான் கர்த்தர் கொடுக்காதது. ஓட்டை தேடச் சொன்ன பெரியவருக்குப் பதில் யோபு புத்தகத்திலேயே இருக்கிறது. உத்தமனாயிருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபிடம் அவருடைய சிநேகிதர்களும் அதைத்தான் தேடினார்கள், கடைசியில் கடிந்துகொள்ளப்பட்டது அவர்கள்.

தரங்கம்பாடி உங்களுக்குப் பக்கம்தானே. ஒருநாள் பஸ் ஏறிப் போய்வாருங்கள். 1706 ஜூலையில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர், ஆனாலும் இரண்டு வருஷம் கழித்து, அங்கிருந்த டேனிஷ் ஆளுநரே அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் போல உள்ளே இருந்தார். வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். 1715-இல் அது முழுதாக அச்சில் வந்தது. பிறகு பழைய ஏற்பாடு. ரூத் புத்தகம் வரைக்கும் வந்திருந்தபோது, 1719-இல், 36 வயதில் இறந்துபோனார். மீதியைப் பின்னால் வந்த மிஷனரி ஷுல்ட்ஸ் முடித்தார். அதாவது, உங்கள் அட்டையில் இருக்கிற எரேமியாவுக்கு சீகன்பால்கு வந்து சேரவே இல்லை. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் அவருடைய கல்லறை. நான் அங்கே போனால் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.

வாய் மட்டும் அசைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருஷம் அம்மா ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தாள். பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பாடமாட்டாள். மூன்று மாதம் அப்படித்தான். ஏம்மா என்று ஒருநாள் கேட்டேன். “நீங்கல்லாம் பாடுறீங்கல்ல, எனக்கும் சேத்துப் பாடுங்க” என்றாள். உங்கள் வீட்டில் மனைவி ஜெபிக்கிறார் அல்லவா? கொஞ்ச நாள் அவர் ஜெபிக்கட்டும், நீங்கள் கூட உட்காருங்கள், போதும். 88-ஆம் சங்கீதம் எபிரெயுவில் ‘இருள்’ என்ற சொல்லோடு முடிகிறது. அதற்கு மேல் ஆறுதலாக ஒரு வரியும் இல்லை. அதையும் வேதத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள்.

அப்புறம், அந்த இரண்டு தவணை. வங்கிக்கு நீங்களே நேரில் போய், தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ வழி உண்டா என்று கேளுங்கள். அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். கிடைக்கிற சின்ன வேலையை, பெரிய வாக்குத்தத்தத்துக்குப் பொருந்தவில்லை என்று தள்ளவும் வேண்டாம். தோட்டம் போடச் சொல்லித்தான் கடிதம் வந்திருக்கிறது.

அட்டையை எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள். கீழே கொஞ்சம் இடம் இருக்கும். ஐந்தாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் பேனாவால் அதில் எழுதிவிடுங்கள். முடிந்தால் மனைவியை எழுதச் சொல்லுங்கள். அவர் கேட்காமல் வைத்திருப்பதை அப்போது கேட்கட்டும்.