டாட், ஏடாட், கணினி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கொரடாச்சேரிக்கு அருகில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது மூன்று தலைமுறையாக நாகஸ்வரம் வாசிக்கும் குடும்பம். நான் மட்டும் தவிலுக்கு வந்துவிட்டேன். 78 வயதாகும் என் பெரியப்பாவின் வாசிப்பை வீட்டிலேயே பதிந்து வைக்க விரும்புகிறேன். கும்பகோணத்தில் மூடப்படவிருக்கும் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில், ஏடாட் என்னும் டிஜிட்டல் டேப் பதிவு இயந்திரம் ஒன்றையும் பிரிக்காத 15 கேசட்டுகளையும் 35,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அந்தத் தொகைக்குள் மைக்கின் ஒலியை என் மடிக்கணினிக்குள் ஏற்றும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியும் இரண்டு மைக்குகளும் வாங்கிவிடலாம் என்கிறார் என் தங்கை மகன். டேப்பில் வரும் இனிமை கணினியில் வராது, தவிர கணினி பாதியில் நின்றுவிடும் என்கிறார் ஒலிபெருக்கி நிலையம் வைத்திருக்கும் நண்பர். 1998-இல் என் தாத்தா வாசித்ததைப் பதிந்த ஆறு டாட் கேசட்டுகளும் பீரோவில் இருக்கின்றன. அவற்றையும் இந்த இயந்திரத்தில் கேட்க முடியுமா? எதை வாங்குவது நல்லது?

(கொரடாச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த இயந்திரத்தை வாங்க வேண்டாம். ஆனால் புதிய பதிவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஆறு கேசட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும். பெரியப்பா அடுத்த மாதமும் வாசிப்பார். தாத்தாவின் வாசிப்போ அந்த நாடாவில் மட்டுமே இருக்கிறது.

டாட்டும் ஏடாட்டும் பெயரில் நெருங்கியிருந்தாலும் ஒன்றின் கேசட் மற்றொன்றில் நுழையாது. சோனி 1987-இல் கொண்டுவந்த டாட், ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகல நாடாவில் ஸ்டீரியோவாக இரண்டு தடங்களைப் பதிவது. அலெசிஸ் நிறுவனம் 1992-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏடாட், வீடியோ கேசட் அளவுள்ள எஸ்-விஹெச்எஸ் கேசட்டில் எட்டுத் தடங்களைப் பதிவது. எனவே உங்களுக்குத் தேவை ஓடும் நிலையிலுள்ள ஒரு டாட் டெக், அதாவது அந்தக் கேசட்டை ஓட்டும் இயந்திரம். சோனி 2005-இன் இறுதியில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டதால் பழைய டெக்குகள்தாம் கிடைக்கும். விலைக்கு வாங்காமல் திருச்சியிலோ சென்னையிலோ பழைய ஒலிப்பதிவுக்காரர் ஒருவரிடம் நான்கு நாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

இதில் எனக்கு ஓர் இழப்பு உண்டு. 1996-இல் மாயவரம் பக்கத்துக் கோயில் ஒன்றில் சுவாமி புறப்பாட்டின்போது நான் பதிந்த டாட் கேசட்டைப் பதினைந்து ஆண்டுகள் மர அலமாரியில் வைத்திருந்தேன். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரம் சுவரையே கசியச் செய்வது. நாடாவைச் சும்மா விடுமா? கேசட்டின் ஜன்னல் வழியே வெண்படலம் தெரிந்தும், நான் அவசரப்பட்டு ஒரு கூடத்தில் அதை ஓடவிட்டேன். நாடாவைப் படிக்கும் சுழல் டிரம்மில் நாடா ஒட்டிக் கசங்கி, புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முழுவதும் போயிற்று. சாதாரண கேசட் என்றால் பழுதானாலும் இரைச்சலோடு ஏதோ கேட்கும். டிஜிட்டல் நாடாவில் பிழைதிருத்தும் கணக்கு ஓர் எல்லைவரை குறையை நம் காதுக்கே தெரியாமல் மறைத்துவிட்டு, அந்த எல்லை கடந்ததும் வெறும் சொடுக்கொலியையும் மௌனத்தையும் தரும். நன்றாகக் கேட்கிறதே என்று இன்று நீங்கள் நம்பும் நாடா, அந்த எல்லையை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பது கேட்பதால் தெரியாது.

ஆகவே கேசட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாட்கள் வைத்திருங்கள். வெண்படலம் தெரியும் கேசட்டைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். மற்றவற்றை டெக்கின் டிஜிட்டல் வெளியீட்டிலிருந்தே கணினிக்கு ஏற்றுங்கள். அதற்கு டிஜிட்டல் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏற்றும்போது இன்டர்ஃபேஸ் தன் கிளாக்கை (எண்களின் வேகத்தை அளக்கும் கடிகாரத்தை) விட்டு டெக்கின் கிளாக்கைப் பின்பற்றும்படி, அதாவது வெளிக் கிளாக்குக்கு, மாற்றாவிட்டால் சொடுக்கொலிகள் விழும். நாடா 48 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து) பதியப்பட்டதா, 44.1-இலா என்று பார்த்து அதே எண்ணில் ஏற்றுங்கள். ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இதில் குறுக்குவழி இல்லை.

இனி இனிமை. நண்பர் சொல்லும் இனிமை அனலாக் டேப்புக்கு உரியது. நாடாவின் காந்தப் பூச்சு தாங்கும் எல்லையை எட்டும்போது உரத்த ஒலியின் முனைகள் மழுங்குவதால் வருவது அது. ஏடாட்டும் டாட்டும் எண்களைப் பதிபவை. கணினியின் வன்வட்டில் இருப்பதும் எண்கள்தாம். எண்களாகிவிட்ட ஒலிக்கு நாடா எந்த நிறமும் சேர்ப்பதில்லை. வேறுபாடு ஒலியை எண்ணாக்கும் சுற்றில் இருக்கிறது. அந்தச் சுற்று 1992-க்குப் பிறகு மிகவும் தேறிவிட்டது. ஒலியின் ஒவ்வோர் அளவையும் எத்தனை நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதைப் பிட் கணக்கு சொல்லும். முதல் ஏடாட் 16 பிட். இன்றைய எளிய இன்டர்ஃபேஸும் 24 பிட்.

இந்த 8 பிட் வேறுபாட்டை நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைத்தவர்கள் உடனே உணர்வார்கள். 16 பிட்டின் ஒலி வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, சுமார் 96 டெசிபல். கேட்பதற்கு அது போதும். பதியும்போதுதான் தொல்லை. அளவைத் தாழ்த்தி வைத்தால் ஆலாபனையின் மெல்லிய முடிவுகள் இரைச்சலை நெருங்கும். உயர்த்தி வைத்தால் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ஓர் அடி, டிஜிட்டலின் உச்சவரம்பில் மோதி உடையும், அதை மீட்க வழியில்லை. 24 பிட்டில், உரத்த அடியே வரம்புக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி அச்சமின்றி இடம் விட்டுப் பதியலாம். பெரியப்பா எந்த இடத்தில் எழும்புவார் என்று நீங்கள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

எட்டுத் தடங்களும் உங்களுக்கு வேண்டாதவை. நாகஸ்வரமும் தவிலும் ஒரே கூடத்தில் எதிரெதிரே அமர்ந்து வாசிக்கும்போது எல்லா மைக்கிலும் எல்லா ஒலியும் விழும். பிரித்தெடுக்க நினைத்தால் இருவரையும் இரண்டு அறைகளில் உட்கார வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் வாசிப்பு செத்துவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மைக்குகள் போதும். ஒன்றை நாகஸ்வரத்தின் விரிந்த முனையான அணசுக்கு நேரே வைக்காமல் மூன்று நான்கு அடி தள்ளி, சற்று மேலிருந்து விரல் துளைகளை நோக்கி வையுங்கள். ஒலி துளைகளிலிருந்தும் வருகிறது. மற்றதைத் தவிலுக்கு நான்கைந்தடி எதிரே, வலந்தலையும் இடப்பக்கமான தொப்பியும் சமமாகக் கேட்கும் இடத்தைக் காதால் தேடி வையுங்கள். அறுவடை முடிந்த வீடு என்றால் நெல் மூட்டைகளைச் சுவரோரம் அடுக்குங்கள். எதிரொலியை அவை விழுங்குவதைப் போல விலைக்கு வாங்கும் பொருள்கள் பல விழுங்குவதில்லை.

கணினி நின்றுவிடும் என்பதில் நண்பரை முழுவதும் மறுக்க மாட்டேன். பதிவதற்கு முன் இணையத்தையும் தானியங்கிப் புதுப்பிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். பதியும்போது சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். மண் இணைப்பு சரியில்லாத பழைய வீடுகளில் சார்ஜர் வழியே ரீங்காரம் ஏறும். பேட்டரியில் ஓடும் கணினிக்கும் அதிலிருந்தே மின்சாரம் பெறும் இன்டர்ஃபேஸுக்கும் மின்வெட்டு ஒரு பொருட்டில்லை. ஏடாட் அந்த நொடியே நின்றுவிடும். நின்றதைக்கூடத் திரும்ப ஓட்டலாம். நாடாவைப் படிக்கும் ஹெட் தேய்ந்துபோனால் என்ன செய்வது? ஏடாட் ஓடுவதும் வீடியோ இயந்திர அமைப்பில்தான். விஹெச்எஸ் இயந்திரம் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. பழைய ஏடாட் ஒன்றை ஓடவைக்க இன்னொரு பழைய ஏடாட்டைப் பிரிக்க வேண்டிய காலம் இது.

பின்னொரு நாள் பெரியப்பாவின் பதிவை ஹெட்போனில் கேட்டபடி நீங்கள் தவில் வாசித்துச் சேர்க்க விரும்பினால், மென்பொருளின் பஃபரை (ஒலியைச் சிறிது சேர்த்துவைத்து அனுப்பும் இடைத்தேக்கத்தை) 128 சாம்பிளுக்குக் குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அதனால் ஏற்படும் தாமதம் 3 மில்லிவினாடிக்கும் குறைவு, அதாவது ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பது போன்றது. 1024-இல் விட்டுவிட்டால் அது ஏழு மீட்டராகும். தவில் சொற்களின் கட்டு குலைந்துவிடும். இன்டர்ஃபேஸும் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கும் என்பதால் முதலில் ஒரு கீர்த்தனையில் சோதித்துப் பாருங்கள்.

டேப் இயந்திரத்தின் ஒரு நற்குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொத்தான்களை அழுத்திவிட்டு வாசித்து முடிக்கும்வரை யாரும் அதன் பக்கம் போகாத அந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். மடிக்கணினியைப் பெரியப்பாவின் பார்வையில் படாமல் அடுத்த அறையில் வையுங்கள். தோடியின் நடுவே நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள் என்று கேட்காதீர்கள். இரண்டு தடங்கள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். 100 மணி நேரம் ஒரு சிறிய வன்வட்டில் அடங்கும். 40 நிமிடக் கேசட்டாகக் கணக்கிட்டால் ஏடாட்டுக்கு அதற்கு 150 கேசட்டுகள் வேண்டும். வன்வட்டும் சாகக்கூடியதே. ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் மற்றொன்றைத் தங்கை வீட்டிலும் வையுங்கள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தாத்தாவின் நாடாக்களை ஏற்றிவிடுங்கள். பெரியப்பாவைத் தை பிறந்ததும் உட்கார வைக்கலாம். மின்விசிறி வேண்டாத குளிர் இருக்கும், மார்கழியின் விடியற்கால ஒலிபெருக்கிகளும் ஓய்ந்திருக்கும். வயல்பக்க மோட்டார் நிற்கும் நேரத்தை மட்டும் முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.