ஸ்கேல் சுருங்கும், தூசி சுருங்காது: குட்டி ரயில் கேள்வி பதில்

இந்த வாரம் கையால செய்யற குட்டி ரயில் பத்தின கேள்விங்க மட்டும் எடுத்துக்கிட்டேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, எங்க வீடு ஒத்த பெட்ரூம். கட்டிலுக்கு அடியில தள்ளி வெக்கிற மாதிரி ஒரு பலகைல ரயில் செட் என் கையாலயே பண்ணனும்னு ஆசை. இருக்கறதுலயே சின்னது டி கேஜ்னு வீடியோல பாத்தேன், நேரா அதுலயே எறங்கிடலாமா?
- சேலம் வாசகர்

பதில்: வேணாம் தம்பி. இடம் இல்லன்னா இன்னும் சின்னதா போவோம்னுதான் எல்லாருக்கும் தோணும், ஆனா ஸ்கேல் சுருங்கற அளவுக்கு நம்ம வெரல் சுருங்காது, தூசி சுருங்காது, சால்டர் பண்ணும்போது வெக்கிற ஈயப் பொட்டும் சுருங்காது. கணக்கு போட்டுப் பாருங்க. 'என்' கேஜ்னா 1:160, அதாவது நெசத்துல 160 மி.மீ. இருக்கறது இங்க 1 மி.மீ., ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இடைவெளி 9 மி.மீ. அதுக்குக் கீழ 'இசட்', 1:220, இடைவெளி 6.5 மி.மீ., ஜெர்மனி மார்க்லின் கம்பெனி 1972ல கொண்டு வந்தது. அதுக்கும் கீழதான் நீங்க பாத்த ஜப்பான் டி கேஜ், 1:450, இடைவெளி வெறும் 3 மி.மீ. ஒரு ஏ4 பேப்பர் சுமாரா 0.1 மி.மீ. தடிமன் இருக்கும், டி கேஜ்ல அது நாலரை சென்டிமீட்டர் பலகைக்கு சமம், அப்ப பேப்பர்ல கோச் பண்ணாக்கூட கோட்டை மதில் மாதிரிதான் தெரியும். இன்ஜின் வெயிட்டே இல்லாததால பிடிப்புக்காக சக்கரத்தையே காந்தமா பண்ணி இரும்புத் தண்டவாளத்துல ஓட விட்ருக்காங்க, அதெல்லாம் வீட்ல ஃபைல் வெச்சு ராவிப் பண்ற வேல இல்ல. ரெடிமேடா வாங்கி ஓட்டி ரசிக்கறது வேற விஷயம்.

கையாலதான் பண்ணுவேன்னா 'என்'ல ஆரம்பிங்க. நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ஃபேக்டரி கோச் 21 மீட்டர் சொச்சம், அதுல 13 செ.மீ.க்கு கொஞ்சம் மேல வரும், கைல பிடிச்சு வேல செய்யலாம். மூணுக்கு ரெண்டடி பலகை போதும், வளைவோட ஆரம் 25 செ.மீ. வெச்சா பெரும்பாலான வண்டி திரும்பிடும். நீளமான கோச் மட்டும் அந்த வளைவுல துருத்திட்டு அசிங்கமா நிக்கும், அந்த எடத்துல ஒரு மலைய வெச்சு மூடிடுங்க.

கேள்வி: சார், எங்களுக்கு சொந்த ஊரு ராமேஸ்வரம். பாம்பன் பாலம் முழுசையும் 'என்' கேஜ்ல பண்ண எவ்ளோ எடம் வேணும்? பழைய பாலம் பண்றதா, புதுசா?
- திருச்சி வாசகி

பதில்: பண்ணலாம்மா, பக்கத்து வீட்டையும் சேத்து வாங்கினா. பாலம் 2 கி.மீ.க்கு கொஞ்சம் மேல, 160ஆல வகுத்தா 13 மீட்டர் கிட்ட வருது, டி கேஜ்ல போனாக்கூட நாலரை மீட்டருக்கு மேல. அதனால கப்பலுக்கு வழி விடற ஸ்பேன, அதாவது தூக்கற அந்தப் பாலத் துண்ட மட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் நாலஞ்சு தூணோட நிறுத்திக்கங்க. 1914ல தொறந்த பழைய பாலத்துல ஸ்பேன் ரெண்டா பிரிஞ்சு, வளைஞ்ச அடிப்பாகத்துல உருண்டு மேல எழும்பிட்டு இருந்துச்சு, பாக்க அதுதான் அழகு, எனக்கும் அதான் பிடிக்கும், ஆனா அந்த வளைவ இந்த சைஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டறதுக்குள்ள கண்ணு போயிடும். 2025 ஏப்ரல்ல தொறந்த புதுசுல 72.5 மீட்டர் ஸ்பேன் அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேல போகுது. மாடல்ல 45 செ.மீ. ஸ்பேன், பத்தரை செ.மீ. தூக்கினா போதும். ரெண்டு டவர் மேலயும் கப்பி, நூல், எதிர் எடைக்கு தூண்டில்ல கட்டற ஈயக் குண்டு, கீழ ஒரு கியர் மோட்டார். டவருக்கு ஒரு மோட்டார்னு தனித்தனியா வெக்காதீங்க, ஒண்ணு முந்தி இன்னொண்ணு பிந்தி ஸ்பேன் கோணிக்கும், ஒரே ஷாஃப்ட்ல ரெண்டு நூலும் சுத்தட்டும். முக்கியமா, ஸ்பேன் கீழ உக்காந்தாதான் பக்கத்து ட்ராக்குக்கு கரண்ட் போற மாதிரி ஒரு லிமிட் ஸ்விட்ச் போட்ருங்க, இல்லன்னா ரயில் கடல்ல.

கேள்வி: காப்பர் போர்டுல (காப்பர் தகடு ஒட்டின ஃபைபர் போர்டு) ஸ்லீப்பர், அதான் தண்டவாளத்துக்கு அடியில குறுக்க போடற கட்டை, வெட்டி, தண்டவாளத்த நானே சால்டர் பண்ணி ஒரு முழு ரவுண்டு போட்டேன். கரண்ட் குடுத்த உடனே அடாப்டர் கட் ஆயிடுது. எங்க ஷார்ட்னு கண்டுபிடிக்கவே முடியல, பிச்சுப் போட்றலாம்னு இருக்கேன்.
- ஈரோடு வாசகர்

பதில்: பிச்சுடாதீங்க, இது எல்லார் வீட்லயும் நடக்கறதுதான். மொதல்ல வண்டிய தூக்கிட்டு கரண்ட் குடுங்க. இப்ப சரியா இருக்குன்னா தப்பு ட்ராக்ல இல்ல, சக்கரத்துல. நீங்களே பித்தளைல ஆக்ஸில் பண்ணிருந்தா ரெண்டு சக்கரத்துல ஒண்ணாவது ஆக்ஸிலோட ஒட்டாம பிளாஸ்டிக் புஷ் மேல உக்காந்திருக்கணும். அடுத்தது, ட்ராக் எங்கயாவது பிரிஞ்சு போய், யூ-டர்ன் அடிச்சு எதிர் திசைல வந்து தன்னோடயே சேருதா பாருங்க (சும்மா ஒரு ரவுண்டுன்னா பிரச்சன இல்ல), அப்படி ஒரு லூப் இருந்தா எடது தண்டவாளம் வலதோட போய் முட்டும், நீங்க எவ்ளோ சுத்தமா சால்டர் அடிச்சாலும் ஷார்ட்தான்.

ரெண்டும் இல்லன்னா ஸ்லீப்பர்தான். ரெண்டு தண்டவாளமும் காப்பர் வழியா ஒண்ணோட ஒண்ணு சேராம இருக்க, காப்பர் நடுவுல குறுக்க ஒரு கோடு கீறி பிரிக்கணும், ரெண்டு பக்க காப்பர் போர்டா இருந்தா அடியிலயும் கீறணும், நெறைய பேர் அடிய விட்டுடறாங்க. கத்தியால ஒரு கோடு இழுத்தா பத்தாது, முக்கோண ஃபைலால ரெண்டு இழுப்பு இழுத்து மஞ்சளா ஃபைபர் தெரியணும், லென்ஸ் வெச்சுப் பாத்தீங்கன்னா சில எடத்துல முடி மாதிரி ஒரு காப்பர் துணுக்கு பள்ளத்து மேல படுத்திருக்கும், அதுதான் ஆளு. மல்டிமீட்டர பீப் சத்தத்துல வெச்சுட்டு ட்ராக்க நாலா வெட்டி எந்தத் துண்டுல கத்துதுன்னு பாருங்க, அப்புறம் அந்தத் துண்டுல மட்டும் ஒவ்வொரு ஸ்லீப்பரா பள்ளத்த சுரண்டிக்கிட்டே வாங்க, சத்தம் நிக்கிற எடம்தான்.

இனிமே போடும்போது ஸ்லீப்பர ஒட்டறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணையும் மீட்டர்ல தொட்டுப் பாத்துடுங்க. எல்லா ஸ்லீப்பரும் காப்பரா இருக்கணும்னு அவசியமே இல்ல, அஞ்சுக்கு ஒண்ணு போதும், மத்தது அட்டைதான், 17 மி.மீ. நீளம், ஒன்றரை மி.மீ. சொச்சம் அகலம், பெயின்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது. ஈயத்த தண்டவாளத்தோட வெளிப்பக்கமா மட்டும் வெய்ங்க, உள்பக்கம் ஒரு குமிழ் நின்னாக்கூட சக்கரத்தோட விளிம்பு ஏறி வண்டி எறங்கிடும். மொதல்ல ஒரு தண்டவாளத்த முழுசா பிடிச்சுட்டு, அப்புறம் 9 மி.மீ. கேஜ் கட்டைய வெச்சு ரெண்டாவத. ஒரே எடத்துல சால்டரிங் அயர்ன ரொம்ப நேரம் வெச்சீங்கன்னா காப்பர் உரிஞ்சு வந்துடும், பிளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்டறதுக்கான பசை) தடவி ரெண்டு செகண்ட்ல கைய எடுத்துடணும்.

கேள்வி: ஊட்டி ரயிலுக்கு எந்த ட்ராக் வாங்கணும் அண்ணே? எதுவும் பொருந்தாதுன்னு கடைல சொல்றாங்க.
- மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: பொருந்தும் தம்பி, ரொம்ப அழகா. ஊட்டி லைன் மீட்டர் கேஜ், 1000 மி.மீ., 160ஆல வகுத்தா 6.25. இசட் ட்ராக் 6.5. அதனால இசட் ட்ராக் வாங்கி, இசட் இன்ஜினோட அடிப்பாகத்த எடுத்து, மேல 1:160ல அட்டை பாடி கட்டுங்க. உண்மைய சொன்னா நம்ம பிராட் கேஜ் வண்டிக்குதான் 'என்' ட்ராக் சரியா வராது, 1676 மி.மீ.க்கு பத்தரை மி.மீ. வரணும், நாம 9ல ஓட்டிட்டு கண்டுக்காம இருக்கோம்.

ஏத்தத்துலதான் ஏமாத்தணும். நெசத்துல 12க்கு 1, அதாவது 12 அடி போனா 1 அடி ஏத்தம், பல்சக்கரம் வெச்சு ஏறுது. மாடல்ல வெறும் சக்கரப் பிடிப்புல 40க்கு 1 தாண்டினா வழுக்க ஆரம்பிச்சுடும், அத வெச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கற மலையையும் மரத்தையும் சாய்ச்சு வெய்ங்க, கண்ணு நம்பிடும். நடுவுல பல் பட்டைக்கு கருப்பு அட்டைல ரெண்டு கீத்து, தண்டவாளத்த விட ஒசரமா வராம. குன்னூர் வரைக்கும் இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்னு தள்ளிட்டுதான் போகும், முன்னாடி மாட்டி வெச்சு ஃபோட்டோ அனுப்பாதீங்க.

கேள்வி: ஓடிட்டே இருக்கற வண்டி திடீர்னு நிக்குது, வெரலால தட்டினா போகுது. மோட்டார் போச்சா?
- சென்னை வாசகர்

பதில்: மோட்டார் நல்லாதான் இருக்கும், அழுக்கு. இந்த சைஸ் இன்ஜின்ல வெயிட் இல்ல, ஃபேன் காத்துல வர்ற தூசி ஒண்ணு அடியில போனாலே சக்கரம் தூக்கிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால துணில நனைச்சு ட்ராக்க தொடைங்க, டிஷ்யூ பேப்பர்ல அதையே ரெண்டு சொட்டு விட்டு ட்ராக் மேல போட்டு, இன்ஜினோட முன்பக்க சக்கரம் அதுலயும் பின்பக்க சக்கரம் வெறும் ட்ராக்லயும் இருக்கற மாதிரி பிடிச்சு சுத்த விடுங்க, கருப்பா கோடு வரும். உப்புத்தாள் மட்டும் போடவே போடாதீங்க, கீறல் விழுந்தா அதுலதான் அடுத்த அழுக்கு சேரும். மீட்டருக்கு ஒரு எடத்துலயாவது ஒயர் எறக்கி கரண்ட் குடுங்க.

கேள்வி: தெர்மாகோல் மலை உருகிடுச்சு, என்ன கம் போடறது?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: செருப்புக்கு ஒட்டற ரப்பர் கம் போட்ருப்பீங்க, அது தெர்மாகோல தின்னுடும். ஃபெவிகால் போதும். ஸ்ப்ரே பெயின்டும் நேரா அடிக்காதீங்க, பேப்பரும் ஃபெவிகாலும் வெச்சு ஒரு லேயர் மூடி காய வெச்சுட்டு அடிங்க. மண்ணுக்கு காய வெச்ச டீத்தூள், ஜல்லிக்கு மெல்லிசு சல்லடைல சலிச்ச மணல், ஃபெவிகாலும் தண்ணியும் சரிக்கு சரி கலந்து பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு விட்டு டிராப்பர்ல விடுங்க, அந்த சொட்டு இல்லன்னா தண்ணி மேலயே உருண்டு நின்னுக்கிட்டு உள்ள எறங்காது.