ஆஸ்க், ரிக்வெஸ்ட், டிமாண்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். அளவுப் பட்டியலை அனுப்பும்படி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதும்போது ‘வீ டிமாண்ட் யூ டு சென்ட்’ என்று தொடங்கினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு ‘ரிக்வெஸ்ட்’ என்று மாற்றினார். நான் பார்த்த அகராதியில் இரண்டுக்கும் ‘கோருதல்’ என்றே பொருள் இருக்கிறது. அப்படியிருக்க, எதற்காக இந்தத் திருத்தம்?
– திருப்பூர் வாசகர்

பதில்: மேலாளர் செய்தது சரியான திருத்தம். அகராதியிலும் பிழை இல்லை. ‘கோருதல்’ என்ற நம் சொல் மிகவும் பரந்தது என்பதுதான் இங்கே சிக்கல். ஊருக்குப் பேருந்து விடும்படி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் இருப்பதும் கோரிக்கைதான், ஊதிய உயர்வு கேட்டுத் தொழிற்சங்கம் நிர்வாகத்தின் முன் வைப்பதும் கோரிக்கைதான். ஆங்கிலத்தில் முன்னது ரிக்வெஸ்ட், பின்னது டிமாண்ட்.

‘ஆஸ்க்’ குடும்பத்துச் சொற்களைப் பிரித்தறிய இரண்டு செய்திகளைக் கவனித்தால் போதும். கேட்பவருக்கு அந்தப் பொருளின்மீது உரிமை உண்டா என்பது ஒன்று. கேட்கப்படுபவருக்கு மறுக்க இடம் உண்டா என்பது மற்றொன்று. ‘ஆஸ்க்’ இவ்விரண்டைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. ஆகவேதான் குழந்தை தாயிடம் தின்பண்டம் கேட்பதற்கும், நீதிபதி சாட்சியிடம் பெயரைக் கேட்பதற்கும் அந்த ஒரே சொல் பொருந்துகிறது. ‘ரிக்வெஸ்ட்’ என்று எழுதியவுடன், எதிரிலிருப்பவர் மறுக்கலாம் என்பதை நாம் ஒப்புக்கொண்டவர்களாகிறோம். ‘டிமாண்ட்’ அந்த வாசலை அடைத்துவிடுகிறது; இது எனக்குச் சேர வேண்டியது, தருவது உங்கள் கடமை என்கிறது. ‘பெக்’, ‘இம்ப்ளோர்’ ஆகியவை எதிர்முனையில் நிற்பவை. அவற்றில் கேட்பவருக்கு உரிமை ஏதும் இல்லை. கொடுப்பவரின் இரக்கம் ஒன்றையே நம்பிக் கேட்கிறார்.

கேட்கும் முறைக்கேற்பச் சொல் மாறும் என்பது தமிழருக்குப் புதிய எண்ணம் அன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் வைத்து, தாழ்ந்தவன் ‘ஈ’ என்றும், ஒத்தவன் ‘தா’ என்றும், உயர்ந்தவன் ‘கொடு’ என்றும் கேட்பான் என வகுக்கிறது. ஆனால் அங்கே அளவுகோல் ஆளின் நிலை. ஆங்கிலச் சொற்களில் அளவுகோல் உரிமை. தொழிலாளி முதலாளியிடம் ‘டிமாண்ட்’ செய்யலாம், முதலாளி தொழிலாளியிடம் ‘ரிக்வெஸ்ட்’ செய்யலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் நம்மில் பலர் பதவியைப் பார்த்தே ஆங்கிலச் சொல்லையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

‘டிமாண்ட்’ முதலிலிருந்தே இத்தனை கடுமையாக இருக்கவில்லை. அதன் இலத்தீன் மூலத்துக்கு ஒப்படைத்தல் என்பது பொருள். அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்த ‘டெமாந்தே’ இன்றும் வெறுமனே கேட்பதைத்தான் குறிக்கிறது. பாரிசில் வழி கேட்பவரும் அந்தச் சொல்லையே பயன்படுத்துவார். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அந்நாட்டுச் சட்டமும் வழக்குகளும் நெடுங்காலம் பிரெஞ்சு மொழியில் நடந்தன. வழக்காடுபவர் தமக்குரியதைச் சட்டப்படி கேட்பதற்கு அங்கே வழங்கிய சொல் என்பதால், ஆங்கிலத்தில் அதற்கு உரிமையின் உறுதி ஏறிவிட்டது.

அந்த உறுதி தேவைப்படும் இடங்களில் அதைத் தளர்த்தக் கூடாது. நமக்கு ஒருவர் கொடுத்த காசோலை கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவிட்டால், 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் பணத்தைக் கேட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. காசோலை கொடுத்தவருக்கு அந்த அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அந்த இடத்தில் சட்டம் கையாளும் சொல் ‘டிமாண்ட்’. அப்படிப்பட்ட அறிவிப்பில் பணிவு கருதி ‘ரிக்வெஸ்ட்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். வங்கியில் எடுக்கும் டிமாண்ட் டிராஃப்டின் பெயரும் இப்பொருளில் அமைந்ததே: கேட்டவுடன் பணம் தரப்பட வேண்டும். தமிழில் அதைக் ‘கேட்பு வரைவோலை’ என்று எழுதுகிறோம்.

விதிவிலக்காகத் தோன்றும் ஒரு வழக்கும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, அரசின் செலவு மதிப்பீடுகளை ‘டிமாண்ட்ஸ் ஃபார் கிராண்ட்ஸ்’ என்ற வடிவில் மக்களவையின் முன் வைக்கச் சொல்கிறது. அதே பிரிவு அவற்றை ஏற்கவும், மறுக்கவும், குறைக்கவும் அவைக்கு அதிகாரம் அளிக்கிறது. பெயர் டிமாண்ட் என்றாலும் மறுக்க இடம் இருக்கிறது. சட்டமன்றச் செய்திகளில் நாம் படிக்கும் ‘மானியக் கோரிக்கை’ என்ற தமிழாக்கம் அதனால் மிகவும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் ஒன்று இருக்கிறது. ‘டிமாண்ட்’ ஆளைச் செயப்படுபொருளாகக் கொள்ளாது. ‘ஆஸ்க் ஹிம்’, ‘ரிக்வெஸ்ட் ஹிம்’, ‘பெக் ஹிம்’ எல்லாம் சரி. ‘டிமாண்ட் ஹிம் டு பே’ தவறு. ‘டிமாண்ட் பேமென்ட்’ என்றோ, ‘டிமாண்ட் தட் ஹீ பே’ என்றோதான் எழுத வேண்டும். அந்தச் சொல் ஆளை நோக்கிப் பேசுவதில்லை, வர வேண்டிய பொருளையே நோக்குகிறது. வாடிக்கையாளருக்கு அது ஏன் உறுத்தும் என்பது இதிலிருந்தே விளங்கும். அளவுப் பட்டியலுக்கு ‘குட் யூ ப்ளீஸ் சென்ட் அஸ்’ என்று எழுதினாலே போதுமானது.

கேள்வி: ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று மாணவர்கள் எழுதுவதைத் திருத்த வேண்டுமா? ‘ரிக்வெஸ்ட்’, ‘ரிக்வயர்’ இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: கட்டாயம் திருத்துங்கள். ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வரும்போது ‘ஃபார்’ வேண்டியதில்லை. பெயராக வரும்போது, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்பதுபோல, அது வேண்டும். ‘ஆஸ்க்’ இதற்கு நேர்மாறானது: ஒரு பொருளைக் கேட்டால் வினையிலேயே ‘ஆஸ்க் ஃபார்’ என்றாகிவிடும். இதன் பழக்கத்தில்தான் மாணவர்கள் ‘ரிக்வெஸ்ட்’ உடனும் ‘ஃபார்’ சேர்த்துவிடுகிறார்கள். ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கும் விடுப்புக் கடிதத்தை மனப்பாடம் செய்யாத தலைமுறை நம்மிடம் இல்லை. அந்த முதல் வரிக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை அடுத்த வரிக்குக் கொடுத்திருக்கலாம்.

இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவைதாம். ‘ரிக்வயர்’ என்பதற்கும் பழைய ஆங்கிலவழக்கில் கேட்டல் என்ற பொருள் இருந்தது. காலப்போக்கில் ‘ரிக்வெஸ்ட்’ மறுக்கக்கூடிய வேண்டுகோளாக நின்றுவிட, ‘ரிக்வயர்’ கட்டாயத்தின் பக்கம் போய்விட்டது. ‘யூ ஆர் ரிக்வெஸ்டட் டு அட்டெண்ட்’ என்று அழைப்பிதழ் வந்தால் போகாமலும் இருக்கலாம். ‘யூ ஆர் ரிக்வயர்ட் டு அப்பியர்’ என்று நீதிமன்ற அழைப்பாணை வந்தால் போயே ஆக வேண்டும். பழைய உறவின் தடத்தை இன்று கிரிக்கெட்டில் பார்க்கலாம். இலக்கைத் துரத்தும் அணிக்கு ஓவருக்கு எத்தனை ரன் தேவை என்பதை வர்ணனையாளர்கள் ‘ஆஸ்கிங் ரேட்’ என்றும் ‘ரிக்வயர்டு ரேட்’ என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே.

கேள்வி: பேருந்து நிலையத்தில் ‘விசாரணை’, காவல் நிலையத்திலும் ‘விசாரணை’. ஆங்கிலத்தில் இவற்றுக்கு ஒரே சொல்லா?
– சேலம் வாசகர்

பதில்: இல்லை. நீதிமன்றத்தில் நடப்பதையும் நாம் விசாரணை என்றே சொல்கிறோம், அது ‘ட்ரையல்’. பேருந்து நிலையத்தில் இருப்பது ‘என்கொயரி’. அங்கே கேட்பவர் பயணி, பதில் சொல்ல அமர்ந்திருப்பவர் ஊழியர். அரசு அமைக்கும் ஆணையத்தின் ஆய்வைப் பிரித்தானிய வழக்கில் முதலெழுத்தை ‘ஐ’ ஆக்கி ‘இன்கொயரி’ என்று எழுதுவது உண்டு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘ஐ’ போட்டே எழுதுவார்கள்.

காவல் நிலையத்துக்கு வரும்போது ‘க்வெஸ்சன்’, ‘இன்டராகேட்’ என்ற இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ‘க்வெஸ்சன்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘இன்டராகேட்’ இலத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டது. இந்த வரிசையில் போகப் போக இறுக்கம் கூடுகிறது. திருட்டு நடந்த தெருவில் அண்டை வீட்டாரிடம் காவலர் கேள்வி கேட்டால் அது ‘க்வெஸ்சன்’. சந்தேகத்துக்குரிய ஒருவரைக் காவலில் வைத்து, அதே கேள்விகளைத் திரும்பத் திரும்ப, முறையாக, நெடுநேரம் கேட்டால் அது ‘இன்டராகேட்’. அண்டை வீட்டாரை ‘இன்டராகேட்’ செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினால், அவரும் குற்றத்தில் தொடர்புடையவரோ என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ‘க்வெஸ்சன்’ வினையாக வரும்போது ஐயுறுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு: ‘ஐ க்வெஸ்சன் ஹிஸ் ஹானஸ்டி’ என்றால் அவருடைய நேர்மையையே சந்தேகிக்கிறேன் என்று பொருள். ஆகவே நண்பரிடம் முகவரி கேட்டதைச் சொல்லும்போது ‘ஐ க்வெஸ்சன்டு ஹிம்’ என்று எழுதாமல் ‘ஐ ஆஸ்க்டு ஹிம்’ என்றே எழுதுங்கள்.